திரையில் விழாத மெழுகுதிரிச் சுடர்

வணக்கம். 15 செ.மீ குவியத்தூரமுள்ள குவிவு வில்லைக்கு முன் 10 செ.மீ தூரத்தில் மெழுகுதிரியை வைத்தபோது, வில்லையூடாகப் பெரிதாகத் தெரிந்த சுடர் திரையில் மட்டும் விழவில்லை என்று முல்லைத்தீவிலிருந்து எழுதியிருந்தீர்கள். வில்லையில் பழுதில்லை. பொருள் குவியத்துக்கு (இணைகதிர்களை வில்லை ஒன்றுசேர்க்கும் புள்ளி; இங்கே வில்லையிலிருந்து 15 செ.மீ) உள்ளே இருப்பதால் கதிர்கள் வில்லையைக் கடந்த பின்னும் விரிந்தே செல்கின்றன. பின்னோக்கி நீட்டினால், மெழுகுதிரியின் பக்கத்திலேயே 30 செ.மீ தூரத்திலிருந்து அவை புறப்பட்டதுபோலத் தோன்றும். அந்த மாய விம்பத்தில் ஒளி உண்மையில் சேர்வதில்லை. விரியும் கதிர்களைக் கண்ணின் வில்லை விழித்திரையில் குவித்துவிடுவதால்தான் உங்களுக்குத் தெரிந்தது. சுடரை 20 செ.மீ தூரத்துக்கு நகர்த்தி, மறுபக்கம் 60 செ.மீ தூரத்தில் திரையைப் பிடித்தால், மும்மடங்கு பெரிய, தலைகீழான மெய் விம்பம் விழும். அரைச்சுவர் வகுப்பறையின் பகல் வெளிச்சத்தில் அது மங்கிப்போகும் என்பதால், திரையைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டிக்கொள்ளுங்கள். உட்புறம் குழிந்த ஆடியான குழிவாடிக்கும் இதே கணக்குத்தான். ஆனால் அதன் மெய் விம்பம் ஆடிக்கு முன்னாலும் மாய விம்பம் பின்னாலும் அமையும்.