மோசல் பயணம்: 1,200 யூரோவை விடுங்கள், போலீஸ் கடிதத்தைக் கவனியுங்கள்

கேள்வி: ஜெர்மனியில் வாடகைக் கார் எடுத்து, மோசல் ஆற்றங்கரைத் திராட்சைத் தோட்டங்கள் வழியே குடும்பத்துடன் சென்றோம். கோகெமில் மதிய உணவோடு ரீஸ்லிங் ஒயின் ருசி பார்த்தோம். பிறகு எல்ட்ஸ் கோட்டை பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுக்கும்போது, நின்றிருந்த காரில் உரசிவிட்டேன். கால் மணி நேரம் காத்திருந்து, பெயரும் போன் நம்பரும் எழுதி வைப்பரில் செருகிவிட்டு வந்தேன். இப்போது வாடகை நிறுவனம் பம்பருக்கு 1,200 யூரோ பிடித்துவிட்டது. கேட்டால் மரியாதை இல்லாமல் பேசுகிறார்கள். ஜெர்மன் போலீஸும் விளக்கம் கேட்கிறது. பணத்தைத் திரும்பப் பெற வழக்குப் போடலாமா? போலீஸுக்கு எழுதிய பதிலை இணைத்துள்ளேன்.

பதில்: வழக்குப் போடாதீர்கள். அந்தப் பதிலையும் அனுப்பாதீர்கள்.

அவர்கள் பேசிய விதம் எந்த நீதிமன்றத்திலும் எடுபடாது. எடுபடுவது ஒன்றுதான்: நீங்கள் இடத்தை விட்டுப் போனீர்கள். ஜெர்மன் குற்றவியல் சட்டம் 142-வது பிரிவின்படி இது குற்றம். அபராதம் அல்லது 3 ஆண்டு வரை சிறை. சீட்டு வைத்தால் போதாது. காத்திருந்தும் யாரும் வராவிட்டால், உடனே அந்தக் காரின் உரிமையாளருக்கோ போலீஸுக்கோ சொல்லியிருக்க வேண்டும். பார்க்கிங் உரசல் போன்ற சிறு சேதத்தில், 24 மணி நேரத்துக்குள் தானாக முன்வந்து தெரிவித்தவருக்குச் சலுகை உண்டு. அந்த வாய்ப்பு போய்விட்டது.

இனி உங்கள் பதில். 'இரண்டு கிளாஸ்தான் குடித்தேன், நிதானமாகவே இருந்தேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். பலர் மாட்டிக்கொள்வது இந்த வரியில்தான். அங்கே ரத்த ஆல்கஹாலுக்குப் பொதுவான வரம்பு 0.5 புரோமில் (ஆயிரத்தில் 0.5 பங்கு) என்றாலும், ஓட்டியதில் தவறு தெரிந்தால் 0.3-லேயே குற்ற வழக்கு வரலாம். உங்களை யாரும் ஊதச் சொல்லவில்லை. இல்லாத சாட்சியத்தை நீங்களே கையெழுத்திட்டுக் கொடுக்கிறீர்கள். அந்தப் பதில் சேரும் போலீஸ் ஃபைலை இன்சூரன்ஸ் நிறுவனத்தின் வழக்கறிஞரும் பார்க்க முடியும். பெயர், முகவரி போன்ற சொந்த விவரங்களை மட்டும் கொடுங்கள். சம்பவம் பற்றிப் பேசாமலிருக்க உங்களுக்கு உரிமை உண்டு.

வழக்குப் போட்டால் என்ன ஆகும்? எந்த உரசலுக்கும் போலீஸை அழைக்க வேண்டும் என்பது வாடகை ஒப்பந்தங்களில் வழக்கமான நிபந்தனை. அதை மீறினால், வாடகைக் காரின் சேதச் செலவை உங்கள் மேல் விழாமல் தடுக்கும் பாதுகாப்பு முழுதாகவோ பகுதியாகவோ போகலாம். எதிர்க்காருக்குப் பணம் கொடுத்த இன்சூரன்ஸ் நிறுவனமும் உங்களிடம் 2,500 யூரோ வரை, கடுமையான மீறலென்றால் 5,000 வரை, திரும்பக் கேட்கலாம். 1,200-க்காக அதைத் தட்டி எழுப்ப வேண்டாம்.

ஜெர்மனியில் போக்குவரத்துச் சட்ட வழக்கறிஞர் ஒருவரை அமர்த்துங்கள். முதலில் அவர் ஃபைலைப் பார்க்கட்டும். ஒரு தொகை செலுத்தி, தண்டனையில்லாமல் வழக்கை முடிக்க குற்ற நடைமுறைச் சட்டத்தின் 153ஏ பிரிவில் வழி இருக்கிறது. நீங்கள் ஒளிய நினைக்கவில்லை என்பதற்கு அந்தச் சீட்டு அங்கே உதவும். நீதிமன்றத்தின் தண்டனை ஆணை வந்துவிட்டால், ஆட்சேபிக்க 2 வாரம்தான். கட்டாத அபராதம் சிறைவாசமாக மாறும். அடுத்த முறை அங்கே விமானத்தை விட்டு இறங்கும்போதே பிடிக்கலாம்.