அம்மாவோடு இரண்டு நாள் சிங்கப்பூர்: மதியத்தை விட்டுவிடுங்கள்

முழங்கால் வலியுள்ள அம்மாவோடு இரண்டு நாளில் ஒன்பது இடம் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாதுங்க, பாதியாகக் குறைத்துவிடுங்கள். சிங்கப்பூரில் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை, புழுக்கம்தான் ஆளைச் சாய்க்கும், பத்து நிமிடம் நடந்தாலே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், போதாததற்குப் பல நாள் மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டும். அதனால் காலை ஏழு மணிக்கே தாவரவியல் பூங்கா (5 மணிக்கே திறந்துவிடுவார்கள், நுழைவு இலவசம்), மதியம் அறையில் தூக்கம், இருட்டியதும் கடலோரப் பூங்காவான கார்டன்ஸ் பை த பே. அங்கே 7:45க்கும் 8:45க்கும் நடக்கும் விளக்குக் காட்சிக்குக் காசில்லை. அண்ணாந்தே பார்க்க வேண்டும், கழுத்து வலிக்கும், முன்கூட்டியே போய் உட்கார இடம் பிடித்துவிடுங்கள்.

எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையங்களில் லிஃப்ட் உண்டு. ஆனால் ரயிலுக்குள் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, அபராதம் 500 சிங்கப்பூர் டாலர் வரை போகும். ஒரே பயண அட்டையில் இரண்டு பேர் போக முடியாது, அம்மாவுக்குத் தனியாக ஒன்று வாங்குங்கள்.

அப்புறம், சிங்கப்பூருக்குள் நுழைய நிரப்ப வேண்டிய வருகை அட்டையை (SG Arrival Card), அங்கே போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் குடிநுழைவு ஆணையத்தின் தளத்திலேயே நிரப்புங்கள். அது இலவசம், நான் ஒருமுறை வேறொரு தளத்தில் பணம் கட்டி அசடு வழிந்தேன்.