அப்டேட் 30 வீதத்தில் நிற்கிறது: சொப்ட்வெயார் அடிக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: கட்டாரில் இருக்கும் தம்பி அனுப்பிய சாம்சங் ஏ வரிசைப் போன். இரண்டு கிழமையாக அப்டேட் கேட்டுக்கொண்டே இருக்கிறது. டவுன்லோட் முழுவதும் முடிகிறது. பிறகு போன் ஓஃப் ஆகி, 30 வீதம் மட்டும் போய் நின்று, பழையபடி ஒன் ஆகி, அப்டேட் செய்ய முடியவில்லை என்கிறது. கல்முனையில் ஒரு கடையில் காட்டினேன். வெளிநாட்டுப் போன், சொப்ட்வெயார் அடிக்க வேண்டும், எல்லாம் அழியும் என்கிறார்கள். பிள்ளைகளின் படங்கள் அதில்தான் இருக்கின்றன. என்ன செய்வது? (வாசகி, அக்கரைப்பற்று)

பதில்: சொப்ட்வெயார் அடிப்பது என்றால் முழுச் சொப்ட்வெயாரையும் புதிதாக ஏற்றுவது. இப்போதைக்கு அதற்குக் கொடுக்க வேண்டாம். அப்டேட் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று பார்த்தாலே காரணம் பாதி தெரிந்துவிடும். டவுன்லோடிலேயே அறுந்தால் பெரும்பாலும் நெட்வேர்க், அல்லது இடம் போதாமை. எல்லாம் முடிந்து, ஒன் ஆகும்போது தெரியும் சாம்சங் பெயரிலேயே (லோகோவில்) மாட்டிக்கொண்டால்தான் பெரிய வேலை. உங்கள் போன் நடுவில் தோற்றுப் பழைய பதிப்புக்குத் திரும்புகிறது. படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கட்டார் போன் என்பதும் காரணமல்ல. சாம்சங் போன்களில் நாட்டுக்கு நாடு சிஎஸ்சி என்றொரு குறியீடு உண்டு. உங்கள் போனில் உள்ள குறியீட்டின் நாட்டுக்கு அப்டேட் வெளியாகும்போது உங்களுக்கும் வரும். இங்கே வாங்கிய போனுக்கு முந்தியோ பிந்தியோ வரலாம், அவ்வளவுதான்.

நெட் வழியாக வருவது அனேகமாக முழுச் சொப்ட்வெயார் அல்ல. பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே வருகிறது, துணிக்கு ஒட்டுப்போடுவது போல. அடித்துணியில் ஒரு நூல் மாறியிருந்தாலும் ஒட்டுப் பொருந்தாது, போன் மறுத்துவிடும். ஆகவே முதலில் செட்டிங்ஸ், அபவுட் போன், ஸ்டேட்டஸ் இன்ஃபர்மேஷன் போய், போன் ஸ்டேட்டஸ் என்ற வரியைப் பாருங்கள். 'ஒஃபிஷியல்' என்றிருந்தால் நல்லது. 'கஸ்டம்' என்றிருந்தால் முன்பு யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள்; இந்த வழியில் அப்டேட் ஏறாது.

அடுத்தது இடம். பெரிய பதிப்பு மாற்றத்துக்கு 8 முதல் 10 ஜிபி காலியாக வைத்திருங்கள். மெமரி கார்டில் உள்ள இடம் கணக்கில் வராது. அழித்த படங்கள் கலரியின் ட்ராஷில் 30 நாள் கிடக்கும், அதையும் காலி செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மனேஜ் ஸ்டோரேஜ் போனால் பெரிய வீடியோக்கள் வரிசையாக வரும். நம் குடும்பக் குரூப்புகளில் வரும் கலியாண வீடியோக்களை அழித்தாலே சில ஜிபி கிடைத்துவிடும்.

பிறகு பழைய டவுன்லோடைத் தூக்குங்கள். செட்டிங்ஸ், அப்ஸ் போய் சிஸ்டம் அப்ஸையும் காட்டச் சொல்லி, சொப்ட்வெயார் அப்டேட் என்பதைத் திறந்து, ஸ்டோரேஜில் கிளியர் டேட்டா கொடுங்கள். திகதியும் நேரமும் ஒட்டோமெட்டிக்கில் இருக்கட்டும். போனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, இரவு டேட்டா இருந்தால் அந்த நேரத்தில் புதிதாக இறக்குங்கள். சார்ஜ் 50 வீதத்துக்கு மேல் இருக்கட்டும். இன்ஸ்டோல் ஓடும்போது வீதம் அசையவில்லை என்று பவர் பட்டனை அமுக்காதீர்கள். ஒரு மணித்தியாலம் பொறுக்கலாம்.

அப்படியும் தோற்றால் கேஷ் பார்டிஷனைத் துடையுங்கள்; போன் தற்காலிகக் கோப்புகளை வைக்கும் பகுதி அது. போனை ஓஃப் செய்து, யூஎஸ்பி வயரால் கொம்பியூட்டரில் கொழுவி, பவரையும் வொல்யூம் அப்பையும் சேர்த்து அமுக்கிப் பிடியுங்கள். ரிகவரி மெனு வரும். வொல்யூம் பட்டனால் இறங்கி 'வைப் கேஷ் பார்டிஷன்' வந்ததும் பவரால் தெரிவு செய்யுங்கள். படங்கள் போகாது. அதற்குப் பக்கத்திலேயே 'வைப் டேட்டா, ஃபக்டரி ரீசெட்' இருக்கும், அதைத் தொட்டால் எல்லாம் போய்விடும். அவசரத்தில் இந்த இரண்டையும் மாற்றி அமுக்கியவர்கள் பலர்.

கடைசி வழி சாம்சங்கின் ஸ்மார்ட் ஸ்விட்ச் மென்பொருள். கொம்பியூட்டரில் போட்டுப் போனைக் கொழுவினால், புதிய பதிப்பு இருந்தால் அப்டேட் பட்டன் தெரியும். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கார்த்திகை மார்கழி மழைக்குக் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. பாதி எழுதும்போது டெஸ்க்டொப் நின்றால் போன் ஒன் ஆகாமல் போகலாம். பட்டரி நல்ல லப்டொப்பில் செய்யுங்கள்.

இதற்கும் சரிவராவிட்டால் கடைக்கே கொடுங்கள், ஆனால் ஒன்று சொல்லுங்கள்: கடைகளில் சொப்ட்வெயார் ஏற்றப் பயன்படுத்தும் ஒடின் மென்பொருளில் 'சிஎஸ்சி' கோப்பைப் போட்டால் தரவு அழியும், 'ஹோம் சிஎஸ்சி' போட்டால் அழியாது. எல்லாம் அழியும் என்று சொன்னவர்கள் முதலாவதை நினைத்திருக்கலாம். எதற்கும் கொடுக்கும் முன் படங்களைக் கொம்பியூட்டருக்கு ஏற்றி, வாட்ஸ்அப்பை பேக்கப் எடுங்கள். அது கூகுளின் இலவச 15 ஜிபிக்குள் அடங்க வேண்டும். போனில் உள்ள கூகுள் கணக்கின் பாஸ்வேர்டையும் எழுதி வையுங்கள். தம்பி தன் கணக்கைப் போட்டு அனுப்பியிருந்தால் அவரிடம் கேட்டு வாங்குங்கள். ரிகவரியில் ரீசெட் ஆன போன், திறக்கும்போது அந்தப் பாஸ்வேர்டைக் கேட்கலாம்.