பெற்றோரின் கையெழுத்து வாங்காமல் பள்ளியில் மனநல சர்வே எடுக்கலாமா?

எடுக்கலாம், பல சமயம். உங்கள் மகளுக்குப் பள்ளியில் கொடுத்த மனநல சர்வே அமெரிக்கக் கல்வித் துறையின் பணத்தில் நடந்து, பிள்ளைகள் கட்டாயம் எழுத வேண்டியதாகவும் இருந்தால்தான் மாணவர் உரிமைகளைக் காக்கும் அமெரிக்க மத்திய அரசின் பிபிஆர்ஏ (PPRA) சட்டம் (1978) முன்கூட்டியே எழுத்துப்பூர்வ சம்மதம் கேட்கிறது. மற்றபடி பெற்றோருக்குத் தகவல் சொல்லி, வேண்டாம் என்று விலக வாய்ப்புக் கொடுத்தால் போதும்.

அந்தத் தகவல் அநேகமாக ஆண்டுத் தொடக்கத்தில் வந்த மின்னஞ்சல் குவியலில் புதைந்திருக்கும். (நானும் அதையெல்லாம் படித்ததில்லை!) முதலில் அங்கே தேடுங்கள். கிடைக்காவிட்டால் பள்ளிக்கு இரண்டு கேள்விகளை எழுத்தில் அனுப்புங்கள்: பணம் யாருடையது? தகவல் எந்தத் தேதியில் அனுப்பினீர்கள்? வெளியார் தயாரித்த கேள்வித்தாள் என்றால், கொடுப்பதற்கு முன்பே பார்க்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

ஒன்று, சில மாநிலச் சட்டங்கள் இதைவிடக் கறார். அதையும் பார்த்துவிடுங்கள். அப்புறம், மகளுக்கு 18 ஆகிவிட்டால் இந்த உரிமை அவளுடையது.