யார் பக்கத்து ரத்தம்?

கேள்வி: எங்களுக்குத் திருமங்கலம். மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. ஓர் இடத்தில் உட்காரமாட்டான். எழுத ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போய்விடுவான். அழகர் ஆற்றில் இறங்கிய அன்று என் கையை உதறிவிட்டு ஓடியவனை அரை மணி நேரம் தேடினோம். மதுரையில் பார்த்த டாக்டர் இது ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் அளவுக்கு மீறிய துறுதுறுப்பும்), பரம்பரையாகவும் வரும் என்றார். அன்று முதல் வீட்டில் சண்டைதான். “எங்க பக்கம் யாருக்கும் இல்லை” என்கிறார் மாமியார். நான் செல்போன் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்கிறார் கணவர். ஸ்கேனும் ஜீன் டெஸ்ட்டும் எடுத்தால் தெரிந்துவிடுமா? இரண்டாவது குழந்தை என்றாலே பயமாக இருக்கிறது.

பதில்: ஸ்கேன் வேண்டாம், ஜீன் டெஸ்ட்டும் வேண்டாம். வலிப்பு, பேச்சு வளர்ச்சியில் தாமதம் என்று ஏதாவது இருந்தால் அது வேறு கதை. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

இதற்கென்று ‘ஒரு ஜீன்’ கிடையாது. 2023-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஏ.டி.எச்.டி. உள்ள 38,000-க்கும் மேற்பட்டவர்களின் மரபணுக்களை அலசி, இதோடு தொடர்புள்ள 27 இடங்களை அடையாளம் கண்டார்கள். அதில் எந்த ஒன்றும் தனியாக ஒரு பிள்ளையை இப்படி ஆக்கிவிடாது. இந்த மாதிரிச் சின்னச் சின்ன மாற்றங்கள் உங்களிடமும் என்னிடமும் மாமியாரிடமும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. ஒரு பிள்ளைக்கு அவை கூடுதலாக வந்து சேர்ந்துவிடுகின்றன. இரண்டு பக்கத்திலிருந்தும் வரலாம்.

இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் மரபின் பங்கை 74 சதவீதம் என்கின்றன. இந்த எண்ணைப் பார்த்துத்தான் நிறையப் பேர் பயப்படுகிறார்கள். அடுத்த குழந்தைக்கு 74 சதவீதம் வரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பிள்ளைக்குப் பிள்ளை இருக்கும் வித்தியாசத்தில் முக்கால்வாசிக்கு மரபு காரணம், அவ்வளவுதான். உயரமும் அப்படித்தான் மரபில் வருகிறது, ஆனாலும் ஒரே வீட்டில் அண்ணன் நெட்டை, தம்பி குட்டை. தம்பி தங்கைக்கு வரும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட அதிகம் என்பது உண்மை. அதற்காகப் பெற்றுக்கொள்ளாமல் இருக்க வேண்டாம்.

மூளைக்கு வருவோம். 2007-இல் அமெரிக்காவில் ஏ.டி.எச்.டி. உள்ள 223 பிள்ளைகளையும், இல்லாத 223 பிள்ளைகளையும் பல வருடம் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். மூளையின் மேற்புறணி, அதாவது வெளி அடுக்கு, மற்றப் பிள்ளைகளுக்கு ஏழரை வயதுவாக்கில் எட்டிய உச்சத் தடிமனை இவர்களுக்குப் பத்தரை வயதில்தான் எட்டியது. கவனத்தையும் அடக்கத்தையும் பார்த்துக்கொள்ளும் மூளையின் முன்பகுதியில்தான் தாமதம் அதிகம். கை காலை அசைக்கும் பகுதியோ கொஞ்சம் முந்தியே முதிர்ந்திருந்தது! டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் ரெடி, வண்டியும் கிளம்பிவிட்டது, கண்டக்டர் விசில்தான் வரவில்லை. ஆற்றங்கரையில் உங்கள் கையை உதறினானே, அது அந்த விசில் வராத நேரம்.

அப்படியானால் ஸ்கேனில் தெரியவேண்டாமா என்பீர்கள். அது நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் சராசரி. உங்கள் மகன் ஒருவனுடைய படத்தை மட்டும் வைத்து யாரும் இதைச் சொல்ல முடியாது. வீடு, பள்ளி இரண்டு இடத்திலும், ஆறு மாதத்துக்குக் குறையாமல் இப்படி இருக்கிறானா என்று கேட்டு விசாரித்துத்தான் முடிவு செய்கிறோம்.

செல்போன் இதை உண்டாக்கவில்லை. அதற்காகக் கணவர் சொல்வதை முழுக்கத் தள்ளிவிடாதீர்கள். ராத்திரி பத்து மணிக்குக் கையில் போன் இருந்தால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் மறுநாள் விசில் இன்னும் தாமதம்.

என் அறையில் அடிக்கடி பார்க்கும் காட்சி ஒன்று. பையன் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பான். பக்கத்து நாற்காலியில் அப்பா, “நாங்கள்லாம் இப்படியா இருந்தோம் சார்?” என்று கேட்டுக்கொண்டிருப்பார். மேஜைக்குக் கீழே அவர் காலும் ஆடிக்கொண்டிருக்கும். அம்மா இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்ப்பார். பைக் சாவியை வாரம் ஒருமுறை தொலைப்பவர், பில் கட்டக் கடைசி நாள் ஓடுபவர் என்று அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வரும். “எங்க பக்கம் யாருக்கும் இல்லை” என்ற பேச்சைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வருவது இதனால்தான். அந்தக் காலத்தில் இதற்குப் பெயர் வாலு, சேட்டை. வாத்தியார் பிரம்பை எடுத்தார், அதோடு சரி. உங்கள் மாமியாரிடம் குத்திக்காட்டாமல் கேளுங்கள்: உங்கள் கணவர் மூன்றாம் வகுப்பில் எப்படி இருந்தார்?

இப்போதைக்குக் கண், காது, ஹீமோகுளோபின் மூன்றையும் பார்த்துவிடுங்கள். குறட்டை விடுகிறானா என்றும் கவனியுங்கள். வீட்டுப்பாடத்தைப் பத்துப் பத்து நிமிடமாக உடைத்துக் கொடுங்கள். மருந்து தேவைப்பட்டால் மெத்தில்ஃபெனிடேட் தருவார்கள். மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் சீக்கிரம் உறிஞ்சப்படாமல் அது தடுக்கும். பசி குறையலாம் என்பதால் எடையையும் உயரத்தையும் அவ்வப்போது பார்ப்பார்கள். மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் காட்டலாம். வகுப்பு டீச்சரிடம் நாலு வரி எழுதி வாங்கிக்கொண்டு போங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு.