சுவரோடு ஒட்டி ஓடும் குழாயில் பழைய பெயிண்ட்: கேள்வி பதில்

தீபாவளிக்கு வீடு பெயிண்ட் அடிக்கும் மாதம் வந்தால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் என் போன் ஓயாது. நான் பெயிண்டர் இல்லை, முப்பத்திரண்டு வருடம் குழாய் வேலை பார்த்தவன். பெயிண்ட் சுரண்டப் போய் குழாயைக் கெடுத்தவர்கள்தான் என்னைக் கூப்பிடுவார்கள். இந்த முறை சுரண்டுவதற்கு முன்பே சிலர் கேட்டிருக்கிறார்கள்.

அண்ணே, சாட்ஸ்வர்த்தில் பழைய கவுன்சில் வீடு. கீசரிலிருந்து இறங்கும் குழாய்க்கும் சுவருக்கும் ஒரு விரல்தான் இடைவெளி. ஐந்தாறு பூச்சு பெயிண்ட் இருக்கிறது. முன்பக்கம் சுரண்டிவிட்டேன், பின்னால் கை போகவில்லை.

முதலில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல், கீறின இடம் சிவந்து மின்னினால் செம்பு. செம்பில் கம்பி பிரஷ் வேண்டாம், கோடு விழும்.

களி மாதிரி கெட்டியாக இருக்கும் பெயிண்ட் ரிமூவர் வாங்குங்கள். தண்ணீர் மாதிரி இருப்பது வழிந்து தரையைத்தான் உரிக்கும். கையுறை போட்டு, பழைய டூத்பிரஷ்ஷை வளைத்துப் பின்பக்கம் தடவி, சாப்பாட்டைச் சுற்றும் பிளாஸ்டிக் தாளால் குழாயைச் சுற்றிவிடுங்கள். காயாமல் இருந்தால்தான் ஊறும். டப்பாவில் போட்ட நேரத்துக்குப் பிறகு ஓர் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பியிருந்தால் சரி, இல்லையென்றால் இன்னும் விடுங்கள்.

அப்புறம் சாக்குத் துணியை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, குழாய்க்குப் பின்னால் நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்து மோர் கடைகிற மாதிரி மாற்றி மாற்றி இழுங்கள். கூழாகிப்போன பெயிண்ட் துணியோடு வந்துவிடும். அழுக்கான துணியை அலசாதீர்கள், புதிதாக ஒன்று கிழித்துக்கொள்ளுங்கள். வளைவுகளுக்குச் சணல் கயிறு நல்லது. கடைசியாக, உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பான எமரித் துணியை நனைத்து அதேபோல இரண்டு இழுப்பு.

மரை போட்ட இரும்பு இணைப்பு வந்தால் கையை அடக்குங்கள். அங்கே மரைக்குள் சுற்றிய சணல் நாரும் மேலே கட்டிப்போன பெயிண்டும் சேர்ந்துதான் தண்ணீரை நிறுத்திக்கொண்டிருக்கும். அழகுக்காக அதைத் தோண்டினால் அன்றிரவே சொட்ட ஆரம்பிக்கும்.

ஹீட் கன் வைத்தால் சீக்கிரம் முடியாதா?

முடியும், குழாயும் சேர்ந்து முடியும். மெரேபேங்கில் ஒரு வீட்டில் நானே செய்த தப்பு இது. செம்புக் குழாய், தண்ணீரை வடித்துவிட்டு வாஷ்பேசினுக்குப் பின்னால் ஹீட் கன்னைக் காட்டினேன். பெயிண்ட் அழகாகச் சுருண்டு வந்தது. வால்வைத் திறந்ததும் முழங்கை இணைப்பிலிருந்து கண்ணாடி வரைக்கும் பீய்ச்சி அடித்தது. இணைப்பைப் பற்றவைத்த பழைய ஈயக் கலவை 183 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். ஹீட் கன் காற்று 500 டிகிரியைத் தாண்டும். காஸ் குழாய் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது.

மாமா, வீட்டில் இரண்டு வயதுப் பேத்தி. பழைய பெயிண்டில் ஈயம் இருக்குமா?

இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. இந்த நாட்டில் பெயிண்டில் ஈயத்துக்கு 600 பிபிஎம் (பத்து லட்சத்தில் 600 பங்கு) என்று சட்டம் வரம்பு வைத்ததே 2009-ல்தான். அதற்கு முன் அடித்ததை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் தூள் தரையில் படியும், பிள்ளை தவழ்ந்து கையை வாயில் வைக்கும். ஈரமாக வைத்தே சுரண்டுங்கள். கீழே பிளாஸ்டிக் விரித்து அப்படியே சுருட்டிக் கட்டுங்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள். வேலை முடியும்வரை பேத்தி வேறு வீட்டில் இருக்கட்டும். பெயிண்ட் உரியாமல் உறுதியாக இருந்தால், சுரண்டாமல் மேலேயே ஒரு பூச்சு அடித்துவிடுவதுதான் என் யோசனை.

தம்பி, டர்பன் ஃபீனிக்ஸில் என் வீட்டுக் கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் சாம்பல் நிறம், சிமெண்ட் மாதிரி இருக்கிறது. அதையும் சுரண்டலாமா?

கையே வைக்காதீர்கள் அக்கா. அது அநேகமாக ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட். 2008-ல் தடை வந்தது புதுச் சரக்குக்கு. பழைய வீடுகளின் கூரையிலும் தாழ்வாரக் குழாயிலும் அது இன்னும் இருக்கிறது. சுரண்டினாலும் தேய்த்தாலும் அதன் நார் காற்றில் கலந்து நுரையீரலுக்குப் போகும். உயர் அழுத்தத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்புங்கள். உடைந்திருந்தால் அதற்கென்று பதிவு பெற்றவர்கள்தான் கழற்ற வேண்டும்.

ரிமூவர் வாடை தலை சுற்றுகிறது. ஜன்னலைத் திறந்தால் போதுமா?

டப்பாவில் டைகுளோரோமீத்தேன் என்றோ மெத்திலீன் குளோரைடு என்றோ (இரண்டும் ஒன்றுதான்) இருந்தால் போதாது. அதன் ஆவி காற்றைவிடக் கனம், குளியல் தொட்டிக்குள் தேங்கும். அமெரிக்காவில் தொட்டிக்குள் குனிந்து வேலை செய்தவர்கள் இறந்தே போயிருக்கிறார்கள். 2019-ல் அங்கே பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்திவிட்டார்கள். பென்சைல் ஆல்கஹால் கலந்ததைக் கேளுங்கள். மெதுவாகத்தான் வேலை செய்யும், இரவு முழுக்க விடுங்கள்.

காஸ்டிக் சோடா மலிவாயிற்றே?

கால்வனைஸ்டு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில் வேண்டாம். மேலே இருக்கும் துத்தநாகத்தையே தின்றுவிடும்.

பிளாஸ்டிக் குழாய்க்கு?

ரிமூவர் பட்டால் குழாயே இளகும். சோப்புத் தண்ணீரும் பிளாஸ்டிக் கரண்டியும் போதும், பொறுமையாக.

கால்வனைஸ்டு குழாயில் போன வருடம் அடித்த எனாமல் தோல் தோலாக உரிகிறது. மறுபடி அடித்தால் நிற்குமா?

அப்படியே அடித்தால் நிற்காது. எண்ணெய் எனாமல் துத்தநாகத்தோடு சேர்ந்து அடியில் சோப்பு மாதிரி ஒரு படலம் கட்டும், அதில்தான் வழுக்கி உரிகிறது. முழுக்க எடுத்துவிட்டு, கால்வனைஸ்டு கிளீனர் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கழுவின குழாயில் தண்ணீர் முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் போகவில்லை, மறுபடி தேய்க்க வேண்டும். ஒரே படலமாக வழிந்தால் சரி. நன்றாகக் காயவிட்டு, கால்வனைஸ்டுக்கென்று விற்கும் பிரைமர் ஒரு பூச்சு, அதன் மேல் உங்கள் பெயிண்ட். பின்பக்கத்துக்கு பிரஷ் வேண்டாம், பழைய சாக்ஸைக் கையுறை மேல் மாட்டி, பெயிண்டில் தோய்த்துக் குழாயைப் பிடித்து உருவிவிடுங்கள்.