போட் வாங்கப் போற தம்பிக்கு

தம்பி, ஒன்ராறியோவுக்கு வந்து ஒரு வருசத்தில பழைய அலுமினிய போட் ஒண்டு வாங்கப் போறன் எண்டும், இஞ்ச ஏரியில சட்டம் எல்லாருக்கும் ஒண்டோ, இல்லாட்டி எங்களைப் போல ஆக்களைத்தான் மறிப்பாங்களோ எண்டும் கேட்டிருந்தீங்கள். சட்டம் ஒண்டுதான். பிடிக்கிறது ஒரே மாதிரி இல்லை.

ரெண்டு வருசத்துக்கு முதல் ஒரு ஞாயிறு பின்னேரம், போட்டை ராம்பில இருந்து மேல இழுத்து ரெயிலரில பெல்ட் கட்டிக்கொண்டு நிக்கிறன், எனக்கு முன்னால ரெண்டு பெரிய போட், அடியில ஒரு முழ நீளத்துக்கு பாசி, ஊரில நாங்கள் சாதாளை எண்டு சொல்லுவமே அதே மாதிரி, தொங்கத் தொங்க ரோட்டில ஏறிப் போகுது, ஒபிசர் பாத்துக்கொண்டே கைகாட்டி அனுப்பினவர். பிறகு என்னை மறிச்சார். என்ர போட்டில ஒரு இலை இல்லை, ஆனா அடியில தண்ணி வடிய விடுற பிளக்கை நான் கழட்டேல்லை. ரிக்கெற் எழுதினார். பிழை என்ரதான், காசு கட்டினன். ஆனா அண்டைக்கு நான் நிண்ட நேரத்தில மறிபட்ட மூண்டு வாகனமும் எங்கட நிற ஆக்களின்ர, அது இண்டைக்கும் நெஞ்சுக்குள்ள கிடக்குது.

அதுக்காக சட்டத்தில கோபப்படாதேங்கோ. 2022 சனவரி 1ல இருந்து போட்டை ரோட்டில கொண்டுபோக முதல் பிளக் கழட்டி தண்ணியை வடிய விடவேணும், பாசி பூச்சி எல்லாம் எடுக்கவேணும். காரணம் சீப்ரா மட்டி, வெளியில இருந்து வந்து ஏரியைக் கெடுக்கிற ஒரு சின்னச் சிப்பி. 1988ல சென் கிளேயர் ஏரியில கண்டுபிடிச்சது, அதின்ர குஞ்சு கண்ணுக்கே தெரியாது, உங்கட போட்டில தேங்கின ஒரு கோப்பைத் தண்ணியிலயே அடுத்த ஏரிக்குப் போயிடும். தூண்டிலில இரையாக் கொளுவுற மீன் வைச்சிருக்கிற வாளித் தண்ணியையும் கரையில இருந்து 30 மீற்றருக்குள்ள ஊத்த ஏலாது.

எனக்கு உண்மையாக் கோபம் வாறது வேற இடத்தில. ரொய்லெட் உள்ள போட் எண்டா கழிவைத் தாங்கியில சேர்த்து மரினாவில, அதுதான் போட் கட்டுற துறையில, பம்ப் பண்ணி எடுக்கவேணும், ஏரியில விட்டா குற்றம். சரியான சட்டம்தான். ஆனா ரொறன்ரோவின்ர பழைய பகுதிகளில மழைத்தண்ணியும் கக்கூஸ் தண்ணியும் ஒரே குழாய், பெருமழை அடிச்சா நிரம்பி டொன் ஆத்துக்குள்ளயும் ஏரிக்குள்ளயும் பாயுது, இது எத்தினையோ வருசமா நடக்குது. இப்பதான் 22 கிலோமீற்றர் சுரங்கம் வெட்டுறாங்கள். பெரிய ஆளுக்கு வருசக்கணக்கில தவணை, சின்ன ஆளுக்கு ராம்பிலயே ரிக்கெற், இது நியாயமே இல்லை.

நீங்கள் செய்யவேண்டியது, மோட்டர் எவ்வளவு சின்னனா இருந்தாலும் ஒப்பரேற்றர் கார்ட், அதுதான் போட் ஓட்டுறதுக்கான அட்டை, எடுங்கோ, ஆளுக்கொரு லைஃப் ஜக்கெற் வைச்சிருங்கோ. மறிச்சா வாய் காட்டாமல் சட்டத்தின்ர எந்தப் பிரிவில ரிக்கெற் எழுதுறீங்கள் எண்டு மரியாதையாக் கேளுங்கோ, பிளக் கழட்டினதைப் போனில படம் எடுத்து வையுங்கோ. ரிக்கெற் பிழை எண்டு நினைச்சா 15 நாளுக்குள்ள பதில் குடுக்கவேணும், பிந்தினா போச்சு. மற்றவன் பாசியோட போறான்தானே எண்டு நீங்களும் போயிடாதேங்கோ தம்பி, அந்த ஏரியிலதான் நாளைக்கு உங்கட பிள்ளையள் நீந்தப் போகுதுகள்.

வாங்க முதல் விக்கிறவரை அந்தப் பிளக்கைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்கோ, பழைய போட்டில சிலது இறுகிப்போய்க் கிடக்கும்.